"என்ன வேலை செய்கிறீர்கள்?" – கை வலி நோயறிதலின் வரலாறு

1713-இல் இத்தாலியின் பாதுவா நகரில் ஒரு மருத்துவ நூலின் இரண்டாம் பதிப்பு வெளியானது. தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய அந்நூலை எழுதியவர் பெர்னார்டினோ ரமாட்சினி. முதற்பதிப்பு 1700-இல் மோதெனாவில் வெளிவந்திருந்தது. புதிய பதிப்பில் அவர் சேர்த்த இயல்களுள் ஒன்று எழுத்தர்களையும் பத்திரம் எழுதுவோரையும் பற்றியது. தமக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரின் கதையை அதில் அவர் குறிப்பிடுகிறார். வாழ்நாளெல்லாம் ஓயாமல் எழுதிப் பொருள் ஈட்டிய அம்மனிதருக்கு முதலில் வலக்கை முழுவதும் அயர்ச்சி கண்டது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. இறுதியில் கை செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். சில காலத்தில் இடக்கையையும் அதே நோய் பற்றியது.

எழுத்தர்களின் நோய்க்கு ரமாட்சினி மூன்று காரணங்களைக் கூறினார்: ஓரிடத்திலேயே அமர்ந்திருத்தல், கையை இடைவிடாமல் ஒரே விதமாக அசைத்தல், பிழை நேரக்கூடாதே என்ற மனத்தின் இறுக்கம். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை என ஹிப்போக்ரட்டீஸ் மரபு வகுத்திருந்த கேள்விகளோடு இன்னொன்றையும் அவர் சேர்த்தார்: "என்ன வேலை செய்கிறீர்கள்?"

எளிய கேள்விதான். ஆனால் கை வலியின் பிற்கால வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே படித்துவிடலாம். முறிந்த எலும்பு கண்ணுக்குத் தெரியும். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம். நீடித்த கை வலிக்கு அத்தகைய புறச்சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. வீக்கமில்லை, காயமில்லை, எக்ஸ்ரே படத்திலும் ஒன்றுமில்லை. எஞ்சுவது நோயாளியின் சொல் மட்டுமே. அந்தச் சொல்லை யார் நம்பினார்கள், யாருடைய உழைப்பை உழைப்பாக மதித்தார்கள் என்பதைப் பொறுத்தே நோயின் பெயரும் காரணமும் மாறி வந்துள்ளன.

1. எழுத்தர்கள்

19ஆம் நூற்றாண்டின் பிரிட்டன் எழுத்தர்களின் நாடாக மாறிக்கொண்டிருந்தது. வங்கி, காப்பீடு, நீதிமன்றம், பேரரசின் நிர்வாகம் என எங்கும் படியெடுக்கும் கைகள் தேவைப்பட்டன. 1830களிலிருந்து பர்மிங்காம் ஆலைகள் எஃகுப் பேனாமுனைகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தன. இறகுப் பேனாவைவிட அவை விறைப்பானவை. எழுதத் தொடங்கியதும் விரல்கள் இறுகிப்போவதையும், பேனாவைக் கீழே வைத்தால் அதே விரல்கள் வேறெல்லா வேலைகளையும் தடையின்றிச் செய்வதையும் மருத்துவர்கள் கண்டார்கள். 'எழுத்தர் பிடிப்பு' என்ற பெயர் நிலைபெற்றது.

நோய் எங்கே இருக்கிறது என்ற கேள்வியில் மருத்துவர்கள் பிரிந்தார்கள். லண்டன் அறுவை மருத்துவர் சாமுவேல் சாலி 1860களில் அதைக் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் தேடினார். 1878-இல் 75 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட ஜார்ஜ் விவியன் பூர் கையையே தேடிச் சென்றார். எந்தத் தசை வலுவிழந்துள்ளது, எந்த நரம்பைத் தொட்டால் நோகிறது என ஒவ்வொன்றாகப் பார்த்தவர், ஒரே பெயரின் கீழ் பல்வேறு கோளாறுகள் அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். நரம்பியலின் பெரும்புள்ளியான வில்லியம் கவர்ஸ் 1880களில் எழுதிய நூலில் இவற்றைத் 'தொழில் நியூரோசிஸ்' என்று வகுத்து, மூல இடம் மூளையின் இயக்க மையங்களே என்றார்.

கவர்ஸின் கருத்தில் உண்மை இருந்தது. எழுத்தர் பிடிப்பின் முக்கிய வடிவத்தை இன்றைய நரம்பியல், மூளை தசைகளை இயக்கும் முறையில் நேரும் கோளாறாக, அதாவது டிஸ்டோனியாவாகக் கருதுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 'நரம்பு மையத்தில் கோளாறு' என்பது கொஞ்சம் கொஞ்சமாக 'நரம்புத் தளர்ச்சி கொண்ட ஆள்' என்று பொருள்படலாயிற்று. உடலின் ஓரிடத்தைக் குறித்த சொல், ஒருவரின் இயல்பைக் குறிக்கும் சொல்லாக வழுக்கியது.

பெயரிடுவதில் சமூகப் படிநிலையும் ஒட்டிக்கொண்டது. 1873-இல் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் முழங்கையின் வெளிப்புறத்தில் தோன்றும் வலியை எழுதுவோரிடம் கண்டு விவரித்தார். அடுத்த பத்தாண்டில் புல்தரை டென்னிஸ் ஆடிய ஆங்கிலேயச் சீமான்களுக்கும் அது வந்தபோது 'டென்னிஸ் எல்போ' என்ற பெயருக்கு வித்திடப்பட்டது. அதுவே இன்றுவரை நிலைத்துள்ளது. இன்று அப்பெயரோடு மருத்துவமனையிலிருந்து திரும்பும் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் எழும் வலிக்கோ 'சலவைப் பெண்களின் சுளுக்கு' என்ற பெயர் வழங்கியது. ஈரத்துணியை முறுக்கிப் பிழியும் கை அது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் 1895-இல் அதன் உடற்கூற்றை விளக்கினார். அதன்பின் நோய் அவர் பெயரைப் பெற்றது, சலவைப் பெண்கள் மறைந்துபோனார்கள்.

2. தந்தியாளர்கள்

தந்தி அலுவலகத்திலிருந்தும் கை வலி சட்டத்தின் முன் வந்து நின்றது. மோர்ஸ் விசையில் ஒவ்வோர் எழுத்தும் சில தட்டல்கள். ஒரு பணிவேளையில் ஆயிரக்கணக்கான தட்டல்கள், எல்லாம் ஒரே மணிக்கட்டிலிருந்து. சில ஆண்டுகள் கழிந்தபின் குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் அனுப்ப முடியாமல் கை தடுமாறும். பிறகு வலி, விறைப்பு, முழுமையான இயலாமை. அமெரிக்கத் தந்தியாளர்கள் இதைக் 'கண்ணாடிக் கை' என்றார்கள்.

பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், விபத்துகளோடு சில தொழில் நோய்களுக்கும் இழப்பீடு பெற வழி செய்தது. 1908-இல் அப்பட்டியலில் 'தந்தியாளர் பிடிப்பு' சேர்க்கப்பட்டது. காயமோ நஞ்சோ இல்லாத ஒரு கை நோயை வேலையின் விளைவு என ஓர் அரசு ஒப்புக்கொண்ட நிகழ்வு அது. அடுத்து விண்ணப்பங்கள் பெருகின. அஞ்சல் துறை விசாரணைக் குழு அமைத்தது. 1911-இல் வெளிவந்த அதன் அறிக்கை, நோய்க்கு இரு காரணங்களைக் கூறியது: ஒன்று, திரும்பத் திரும்ப நேரும் சோர்வு, மற்றொன்று, தொழிலாளியின் நரம்பு உறுதியின்மை.

இந்த இரண்டாவது காரணத்தின் விளைவைக் கவனிக்க வேண்டும். நோய் பட்டியலில் நீடித்தது. ஆனால் அதன் வேரில் ஒரு பாதி தொழிலாளியின் இயல்புக்கு மாற்றப்பட்டது. வேலை வேகம், இடைவேளை, கருவி ஆகியவற்றைப் பற்றிய கேள்வி, எத்தகைய ஆட்களை வேலைக்கு எடுப்பது என்ற கேள்வியாகத் திரும்பியது.

அமெரிக்காவில் வேறொரு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் 1904-இல் காப்புரிமை பெற்ற பக்கவாட்டு விசை, பின்னர் 'வைப்ரோபிளெக்ஸ்' என்ற பெயரில் விற்பனையானது. அதில் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால் போதும். சுருள்வில் தானே அதிர்ந்து புள்ளிகளை அடுத்தடுத்து அனுப்பிவிடும். மணிக்கட்டின் தட்டல்கள் வெகுவாகக் குறைந்தன. நோய் மூளையிலா கையிலா என்ற விவாதம் முடியுமுன்பே, கைக்கு ஏற்பக் கருவியை மாற்றலாம் என்று ஒரு விசை காட்டிவிட்டது.

இந்தியாவில் தந்தி 1855-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2013 ஜூலையில் அச்சேவை முடிவுற்றது. தந்தியாளர் பிடிப்பை லண்டன் ஏற்றுக்கொண்ட அதே 1908-இல் இந்தியாவிலும் பர்மாவிலும் தந்தி சிக்னலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநேர முறையும் பணிச்சுமையும் அவர்களுடைய குறைகளில் அடங்கும். ஒரே பேரரசு, ஒரே விசை, ஒரே மோர்ஸ் குறியீடு. அங்கே மருத்துவரின் மேசைக்குச் சென்ற விவகாரம் இங்கே ஒழுங்குப் பிரச்சினையாக நிர்வாகியின் மேசைக்குச் சென்றது.

3. அறுபத்தேழு ஆண்டுகள்

கை வலியின் வரலாற்றில் மிக நீண்ட காத்திருப்பு, இன்று மிகப் பரவலாக அறியப்படும் நோய்க்கே நேர்ந்தது. மணிக்கட்டின் உட்புறத்தில் சிற்றெலும்புகளாலும் அவற்றின்மேல் குறுக்கே இறுக்கமாக அமைந்த ஒரு தசைநார்ப் பட்டையாலும் ஆன குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. தசைநாண் உறைகள் சற்றுத் தடித்தாலும் நரம்பு நெருக்குண்ணும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றில் மதமதப்பும் எரிச்சலும் தோன்றும், சுண்டுவிரல் தப்பிவிடும். வலி முழங்கை வரையிலும் தோள் வரையிலும்கூட ஏறக்கூடும். இதுவே மணிக்கட்டுச் சுரங்க நோய், அதாவது கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்.

1850களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பாஜெட், மணிக்கட்டு எலும்பு முறிந்து கூடியபோது மிகுதியாக வளர்ந்த எலும்பு நடு நரம்பை அழுத்திய ஒருவரைப் பற்றி எழுதினார். அது காயத்தின் விளைவு. காயமின்றி வரும் நோயை 1880-இல் விவரித்தவர் பாஸ்டன் நரம்பியலாளர் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம். அவர் கண்ட நோயாளிகள் 37 பேர், பெரும்பாலோர் பெண்கள். இரவில் கை மரத்து, வலியால் விழித்துக்கொள்கிறார்கள். கையைத் தேய்க்கிறார்கள், உதறுகிறார்கள், கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுகிறார்கள். சற்று ஆறுதல் கிடைக்கிறது. இன்றைய மருத்துவ மாணவர் இதைப் படித்தவுடன் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். புட்னம் இரத்தக் குழாய்களின் சுருக்கமே காரணம் என்று கருதினார். 1893-இல் ஜெர்மனியின் ஃபிரிட்ரிக் ஷூல்ட்சே 'அக்ரோபரஸ்தீசியா' என்று பெயரிட்டார். 'உறுப்பு நுனிகளில் பிறழ்ந்த உணர்வு' என்பதே அதன் பொருள். நோயாளி சொன்னதையே கிரேக்க மொழியில் திருப்பிச் சொன்ன பெயர் அது.

1913-இல் பாரிஸில் பியர் மாரியும் ஷார்ல் ஃபுவாவும் விடையைக் கையில் பிடித்தார்கள். இரு கைகளிலும் கட்டைவிரல் மேட்டுத் தசைகள் கரைந்திருந்த 80 வயது நோயாளியின் உடலை, இறப்புக்குப்பின் அறுத்து ஆராய்ந்தபோது, மணிக்கட்டுப் பட்டைக்குச் சற்று மேலே நடு நரம்பு முடிச்சுப்போல் தடித்திருந்தது. உரிய காலத்தில் அப்பட்டையை அறுத்துவிட்டிருந்தால் நோய் முற்றுவதைத் தடுத்திருக்கலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள். அந்தக் குறிப்பு கவனிக்கப்படாமல் கிடந்தது.

காரணம், மருத்துவ உலகின் பார்வை அப்போது கழுத்தில் பதிந்திருந்தது. 1895-இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டபின் சிலருக்குக் கழுத்தில் மிகை விலா எலும்பு இருப்பது படத்தில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஒன்று, கண்ணுக்குத் தெரியாத வலிக்குக் காரணமாக்கப்பட்டது. எலும்பு இல்லாதவர்களுக்குக் கழுத்துத் தசை பழியேற்றது. அதுவும் பொருந்தாதபோது நடுவயதுப் பெண்களின் தோள் சரிவதால் நரம்புகள் முதல் விலா எலும்பில் அழுந்துகின்றன என்று கூறப்பட்டது. கழுத்தில் அறுவை செய்துகொண்டும் இரவில் கையை உதறிக்கொண்டு விழித்திருந்தவர்கள் இருந்தார்கள்.

1933-இல் ஜேம்ஸ் லியர்மன்த் மணிக்கட்டுப் பட்டையை அறுத்து நரம்பை விடுவித்த அறுவையைப் பதிவு செய்தார். 1947-இல் ரஸ்ஸல் பிரெய்ன், டிக்சன் ரைட், மார்சியா வில்கின்சன் ஆகிய மூவரும் 'லான்செட்' இதழில் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். காயம் ஏதுமின்றி இரு கைகளிலும் நடு நரம்பு நெருக்குண்டிருந்தது. பட்டையை அறுத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதன்பின்னரே மருத்துவ உலகம் மணிக்கட்டின் பக்கம் பரவலாகத் திரும்பியது. புட்னமின் நோயாளிகள் கையை உதறிக் காட்டிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 67 ஆண்டுகள். பாரிஸ் குறிப்பிலிருந்து 34 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்தைக் கருவிகளின் போதாமை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. நோயறிதலுக்குத் தேவையான செய்தி 1880-லேயே நோயாளிகளின் வாயிலும் கையசைவிலும் இருந்தது. எந்த விரல்கள், எந்த நேரம், எதனால் ஆறுதல் என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்கவில்லை; அவ்வளவே.

4. இல்லத்தரசியின் கை

நோயை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் பணியாற்றிய கை அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன். மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிவைத்தால் விரல்களில் மதமதப்பு எழுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அவர் பெயரால் வழங்குகிறது. 1915-இல் ஜூல் டினெல் விவரித்த முறையில் நரம்பின்மேல் தட்டிப் பார்ப்பதையும் அவர் இந்நோய்க்குப் பயன்படுத்தினார். 1956-இல் ஜான் சிம்சன், மணிக்கட்டில் நரம்புத் துடிப்பின் வேகம் குறைவதை மின்கருவியால் அளந்து காட்டினார். நோயாளியின் சொல்லுக்குக் கடைசியில் ஓர் எண் துணைக்கு வந்தது.

ஃபேலன் 1966-இல் 654 கைகளில் பெற்ற 17 ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள், பலர் இல்லத்தரசிகள். இதிலிருந்து அவர் அடைந்த முடிவு, இந்நோய்க்குத் தொழில் பொதுவாகக் காரணமன்று என்பது. கடும் உடலுழைப்பில் ஈடுபடாதவர்களுக்கே மிகுதியாக வருகிறதே என்பது அவரது வாதம்.

இங்கே ரமாட்சினியின் கேள்வி கேட்கப்பட்டது. ஆனால் விடை செவியில் விழவில்லை. துணி பிழிதல், பாத்திரம் தேய்த்தல், தரை துடைத்தல், மாவு பிசைதல், தையல், குழந்தையைத் தூக்குதல் ஆகிய அனைத்தும் மணிக்கட்டை மடக்கி, விரல்களை இறுக்கிச் செய்பவை. கூலி இல்லாததால் அவை 'தொழில்' என்ற கட்டத்துக்குள் வரவில்லை. உடலியல் காரணங்களும் உண்டு என்பது உண்மையே. நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்பம், முடக்குவாதம் ஆகியவை இந்நோய்க்கு வழிவகுக்கும். பெண்களின் உடலமைப்புக்கும் பங்குண்டு. ஆயினும் இல்லத்தரசியை உழைப்பற்றவர் என்று முன்கூட்டியே கொண்டபின், உழைப்புக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று முடிவுகட்டுவது வட்டத்துக்குள் சுற்றும் தருக்கம். ஒரு திறமான மருத்துவரின் மிகக் கவனமான பதிவுகளுக்குள்ளும் அக்காலச் சமூகத்தின் பார்வைக் குறை அப்படியே அமர்ந்திருந்தது.

5. ஒரே பெயரின் ஆபத்து

விசைப்பலகை வந்தபோது பழைய விவாதம் புதிய நாடுகளில் மீண்டது. ஜப்பானில் துளையட்டைப் பணியாளர்களிடம் கழுத்து, தோள், கை வலி பரவியதையடுத்து 1964-இல் தொழில் அமைச்சகம் அவ்வேலைக்கு நேர வரம்பும் கட்டாய இடைவேளையும் பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியாவில் 1980களின் நடுப்பகுதியில் அரசு அலுவலகங்களிலும் தொலைத்தொடர்புத் துறையிலும் ஆயிரக்கணக்கானோர் கை வலியைப் பதிவு செய்தார்கள். 'ரிபெட்டிடிவ் ஸ்ட்ரெய்ன் இன்ஜுரி', சுருக்கமாக ஆர்.எஸ்.ஐ., என்ற பெயர் நாடெங்கும் ஒலித்தது. 'கங்காரு பாதம்' என்ற கேலிப்பெயரும் உடன் பிறந்தது. இது மனநோய் என்றும், இழப்பீட்டு ஆசை என்றும், தொழிற்சங்கங்கள் பரப்பிய பீதி என்றும் வாதங்கள் எழுந்தன. 1987-இல் அரசு ஊழியர் ஒருவர் தொடுத்த முக்கிய வழக்கு தோற்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பதிவுகள் சரிந்தன.

பதிவுகள் குறைந்ததைக் கொண்டு வலி பொய் என்று சொன்னவர்களும், பணியிட மாற்றங்கள் பலன் தந்தன என்று சொன்னவர்களும் இன்றுவரை உள்ளனர். இரு தரப்பும் கவனிக்கத் தவறிய ஒன்றை 1878-லேயே பூர் எழுதியிருந்தார்: ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் இருக்கின்றன. மணிக்கட்டில் நரம்பு நெருக்கம், முழங்கையில் தசைநாண் சிதைவு, கட்டைவிரல் உறை அழற்சி, கழுத்து எலும்புகளிடையே நரம்பு வேர் அழுந்துதல், காரணம் புலப்படாத பரவலான வலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஒட்டுமொத்தப் பெயர் போராட்டத்துக்கு உதவியது. ஆனால் அப்பெயர் மதிப்பிழந்தபோது அதற்குள் இருந்த தெளிவான நோய்களும் ஐயத்துக்கு உள்ளாயின.

6. இந்தியக் கை

கை வலி இந்திய மருத்துவ மரபுகளுக்குப் புதிதன்று. சுஸ்ருத சங்கிதை, விரல்களுக்குச் செல்லும் தசைநாண்கள் தாக்குண்டு கை செயலிழப்பதை வாத நோய்களுள் ஒன்றாகத் தனிப்பெயரிட்டு விவரிக்கிறது. சித்த மருத்துவத்தின் யூகி வைத்திய சிந்தாமணி வகுக்கும் 80 வாத நோய்களில் தோளையும் கையையும் பற்றும் கும்பவாதமும் அடங்கும்.

நவீன இந்தியாவில் கையின் மதமதப்பு இன்னோர் அச்சத்தையும் சுமந்து வந்தது. தொழுநோய் முழங்கையில் உள்நரம்பையும் மணிக்கட்டில் நடு நரம்பையும் தாக்கக்கூடியது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்ற பொது நம்பிக்கையை ஏற்காமல், அவர்கள் அன்றாடம் கையால் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். வலி உணர்வு இல்லாததால் சூட்டையும் வெட்டையும் அறியாமல் கைகள் காயப்படுகின்றன என்பது புலனாயிற்று. லண்டனில் வலிமிகுந்த கையைப் புரிந்துகொண்ட அதே ஆண்டுகளில் வேலூரில் வலியற்ற கையும் புரிந்துகொள்ளப்பட்டது. இரண்டிலும் திறவுகோல் ஒன்றே: நோயாளியின் இயல்பைப் பற்றிய முன்முடிவை விலக்கி, கை செய்யும் வேலையைப் பார்ப்பது.

சட்டம் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுச் சுரங்க நோய், தசைநாண் உறை அழற்சி, முழங்கைத் தசைநாண் நோய் ஆகியவை தெளிவாக இடம்பெற்றுள்ளன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈயம், பாதரசம், பென்சீன் ஆகியவற்றின் நஞ்சு, சிலிக்கா தூசு நோய், ஆஸ்பெஸ்டாஸ் நோய், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு ஆகியவை அதில் உள்ளன. திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்வதால் வரும் கை நோய் ஒன்றுகூட அதில் இல்லை.

பட்டியலில் சேர்த்திருந்தாலும் அது எட்டாத கைகள் ஏராளம். பீடித் தொழிலாளர்களுக்கென 1966-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பீடி சுற்றும் வேலையின் பெரும்பகுதி பெண்களால் வீட்டிலேயே நடக்கிறது. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனி மடக்கி, நூல் கட்டும் வேலைக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஆயிரம் பீடி என்பது ஆயிரம் முறை விரல்களும் கட்டைவிரலும் மணிக்கட்டும் ஒரே வரிசையில் இயங்குவது. பதோகியில் கம்பளத்துக்கு முடிச்சிடும் கைக்கும், லக்னோவில் சிக்கன் தையல் போடும் கைக்கும் இதே கணக்குதான். வீட்டிலிருந்து உழைப்போருக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

கூலியே இல்லாத வேலை இதற்கும் அப்பால் உள்ளது. 2019ஆம் ஆண்டுக்கான தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற இல்லப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அப்பணிகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களை. 299 நிமிடங்கள் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம்; வார விடுமுறை இல்லாதது. ஃபேலனின் பதிவேட்டில் உழைப்பாகக் கருதப்படாத அந்தக் கையை இப்போது ஓர் அரசு ஆய்வு நிமிடக் கணக்கில் அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவீடு நோயறிதலுக்குள் இன்னும் நுழையவில்லை.

இன்று நரம்பின் வேகத்தை அளக்கும் கருவி மாவட்டத் தலைநகரங்களில்கூடக் கிடைக்கிறது. கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம், சர்க்கரையையும் தைராய்டையும் ஒரே குருதிச் சோதனையில் அறியலாம். ஆனால் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்வதற்கு முன் நோயாளியிடம் கேட்டாக வேண்டிய கேள்விகள் மாறவில்லை: எந்த விரல், எந்த வேளை, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது. கேட்காமல் எடுத்த படம், 1920களில் கழுத்து விலா எலும்பைக் காட்டியதுபோல, நோய்க்குத் தொடர்பில்லாத ஒன்றைக் காட்டித் திசைதிருப்பவும் கூடும். நாற்பதைக் கடந்தோரின் கழுத்து எலும்புகளில் தேய்மானம் தெரியாத படம் அரிது. அதுவே வலியின் காரணம் என்று ஆகிவிடாது.

மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு பெண் வலக்கையைத் தேய்த்தபடி அமர்ந்திருக்கிறார். மருத்துவர் கேட்கிறார்: "என்ன வேலை செய்கிறீர்கள்?" அவர் பதில் சொல்கிறார்: "வேலைக்கெல்லாம் போகலைங்க, சும்மா வீட்டுலதான் இருக்கேன்." தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப்படுகிறது. ரமாட்சினி சேர்த்த கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. அதற்கடுத்த கேள்வியான "காலையில் எழுந்ததிலிருந்து இந்தக் கை என்னென்ன செய்தது?" என்பதைக் கேட்கும் இடத்திலிருந்துதான் நோயறிதல் தொடங்குகிறது.